மூன்றாவது மாடியில் 4 அடி மீன்தொட்டி: தளம் தாங்குமா?

கேள்வி, 12 ஆகஸ்ட் 2023

"எங்கள் ஃப்ளாட் மூன்றாவது மாடியில். ஹாலில் 4 அடி நீளம், 2 அடி அகலம், 2 அடி உயரத்தில் மீன்தொட்டி வைக்க ஆசை. தொட்டி செய்பவர் 'தாராளமா வைக்கலாம் சார்' என்கிறார். வீட்டிலோ 'தளம் இடிஞ்சு கீழ் வீட்டுக்காரங்க தலையில விழப்போகுது' என்கிறார்கள். யார் சொல்வது சரி?"

12 ஆகஸ்ட் 2023, இரவு

நானும் சென்னை மடிப்பாக்கத்தில் மூன்றாவது மாடிதான். இதே அளவுத் தொட்டிக்குப் போன வாரம், மீன் கடைகள் வரிசையாக இருக்கும் கொளத்தூரில் முன்பணம் கொடுத்திருக்கிறேன். அதனால் இது எனக்கும் வேண்டிய கணக்கு.

4 × 2 × 2 என்றால் 16 கன அடி. ஒரு கன அடிக்கு 28.3 லிட்டர். விளிம்பு வரை நிரப்பினால் 453 லிட்டர், அதாவது 453 கிலோ. 12 மி.மீ. கண்ணாடி சதுர மீட்டருக்கு 30 கிலோ வரும். அடி, முன், பின், பக்கம் எல்லாம் சேர்த்து 32 சதுர அடி, சுமார் 89 கிலோ. இரும்பு ஸ்டாண்ட் 50 கிலோ. ஆக மொத்தம் 592.

இந்தியக் கட்டுமானத் தர விதி ஐஎஸ் 875, இரண்டாம் பகுதி, வீட்டு அறைகளின் தளத்துக்குச் சதுர மீட்டருக்கு 2 கிலோநியூட்டன் சுமை என்று கணக்கில் எடுக்கச் சொல்கிறது. கிலோவில் சொன்னால் சுமார் 200. நம் தொட்டி நிற்கும் 8 சதுர அடியில் மட்டும் சதுர மீட்டருக்கு 800 கிலோ வருகிறது. நான்கு மடங்கு! பார்த்தவுடன் எனக்கும் வயிற்றைக் கலக்கியது.

ஆனால் அந்த 200 அறை முழுக்கப் பரவிய சுமைக்கான கணக்கு. 12 × 16 அடி ஹால் என்றால் ஏறக்குறைய 17.8 சதுர மீட்டர், மொத்தம் 3,500 கிலோவுக்கு மேல். பிறந்தநாளுக்கு இருபத்தைந்து பேர் வந்து கேக்கைச் சுற்றி நின்றால் ஒன்றரை டன். அதற்குத் தளம் அசைவதில்லை. ஆகவே கேள்வி 'எத்தனை கிலோ' என்பதோடு முடியவில்லை. எந்த இடத்தில் என்பதுதான் முக்கியம். அறை நடுவில் வேண்டவே வேண்டாம். பீம் ஓடும் சுவரை ஒட்டி, முடிந்தால் பில்லருக்குப் பக்கத்தில் வையுங்கள். பால்கனிக்கு அதே விதி 3 கிலோநியூட்டன் தருகிறது. ஆக பால்கனி இன்னும் நல்லது.

13 ஆகஸ்ட் 2023, காலை

நேற்றுக் கடைசி வரியில் தப்பு எழுதிவிட்டேன். தயவுசெய்து பால்கனியில் வைக்காதீர்கள்.

பால்கனி பெரும்பாலும் ஒரு பக்கம் மட்டும் பிடித்து வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் தளம். வெளி ஓரத்தில் பாரம் ஏறினால் முழு இழுப்பும் சுவரோடு சேரும் இடத்தில் வந்து விழும். 3 என்ற எண்ணை மட்டும் பார்த்து, அந்தத் தளம் எப்படி நிற்கிறது என்பதை மறந்துவிட்டேன். போதாததற்கு வெயில். இரண்டே வாரத்தில் தண்ணீர் பச்சையாகிவிடும்.

மணலையும் விட்டுவிட்டேன். 2 அங்குலம் மணல் போட்டால் 60 கிலோ. ஆனால் மணல் தன் பருமனுக்குத் தண்ணீரை வெளியே தள்ளிவிட்டு உட்காருவதால் உண்மையில் கூடுவது 37 கிலோ அளவுதான். ஸ்டாண்டுக்குள் ஃபில்டர், சாமான் எல்லாம் சேர்த்து 650 என்று வைத்துக்கொள்ளுங்கள்.

முக்கியமான இன்னொன்று. பீம் எங்கே ஓடுகிறது என்பதைச் சுவரைப் பார்த்துச் சொல்ல முடியாது. நாலரை அங்குலத் தடுப்புச் சுவருக்கு அடியில் பீம் இல்லாமலும் இருக்கும். பில்டரிடமோ அசோசியேஷனிடமோ ஸ்ட்ரக்சரல் டிராயிங் இருக்கும், கேளுங்கள். இல்லையென்றால் ஒரு ஸ்ட்ரக்சரல் எஞ்சினியரை வீட்டுக்கு அழைத்துக் காட்டுங்கள். தொட்டிக்கே இவ்வளவு செலவழிக்கும்போது அந்த ஃபீஸைக் கணக்குப் பார்க்கக் கூடாது. நான் நாளைக்கு அழைத்திருக்கிறேன். 'தாராளமா வைக்கலாம்' என்பவர் தொட்டியைத்தான் பார்த்திருக்கிறார். உங்கள் தளத்தை அவர் பார்க்கவில்லை.

15 ஆகஸ்ட் 2023

எஞ்சினியர் வந்தார். டிவி சுவர் வேண்டாம், படுக்கையறைப் பக்கத்துச் சுவர் என்றார். 

20 ஆகஸ்ட் 2023

ஞாயிறு முழுக்கக் கொளத்தூர். மடிப்பாக்கத்திலிருந்து ஊரைக் குறுக்கே வெட்டிக்கொண்டு போக வேண்டும். ஆனாலும் அந்தத் தெருக்களுக்குள் நுழைந்ததும் களைப்பு போய்விடும். வரிசையாகக் கடைகள், பாலித்தீன் பையில் மீன், தெர்மாகோல் பெட்டி, மண்புழு விற்கும் பையன். தமிழ்நாட்டின் எந்த ஊர்ச் சின்னக் கடைக்குப் போனாலும் 'கொளத்தூர்ல இருந்து வருது' என்பார்கள்.

ஸ்டாண்ட் பற்றி அங்கே ஒரு நீண்ட பேச்சு. நான்கு காலில் நிற்கும் ஸ்டாண்ட் என்றால் 650 கிலோவும் நான்கு புள்ளிகளில் இறங்குகிறது. ஒரு காலுக்கு 160 கிலோ. டைல்ஸுக்கு அடியில் சிமென்ட் நிரம்பாமல் பொள்ளலாக இருந்தால் அந்த இடத்தில் டைல் விரிசல் விடும். விரலால் தட்டிப் பாருங்கள், பொள்ளல் இருந்தால் சத்தமே காட்டிக்கொடுக்கும். அதனால் காலுக்குப் பதில் அடியில் நீளவாட்டில் இரண்டு சதுரக் குழாய் படுக்கும்படி வெல்டிங் செய்யச் சொன்னேன். பாரம் கோடாகப் பரவும். இரண்டு கோட் ரெட் ஆக்சைடு, அதன்மேல் பெயின்ட். கடப்பா கல்லில் செய்த ஸ்டாண்டும் காட்டினார்கள். அழகு, துருப் பிடிக்காது. ஆனால் கல்லே நூறு கிலோவுக்கு மேல் ஏற்றிவிடும். மூன்றாவது மாடிக்கு அது வேண்டாம்.

கண்ணாடியை எவ்வளவு அழுத்தம் தள்ளுகிறது என்று கேட்டிருந்தீர்கள். தண்ணீரின் அழுத்தத்தைத் தீர்மானிப்பது ஆழம். நீளத்தை எவ்வளவு கூட்டினாலும் ஒரு புள்ளியில் அழுத்தம் கூடாது, உயரத்தைக் கூட்டினால் கூடும். 60 செ.மீ. ஆழம், 120 செ.மீ. நீளம் என்றால் முன் கண்ணாடியை வெளியே தள்ளும் மொத்த விசை ஏறக்குறைய 216 கிலோ எடைக்குச் சமம். மூன்று பேர் இரவும் பகலும் அந்தக் கண்ணாடியில் சாய்ந்து நிற்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். 8 மி.மீ. போதும் என்று யாராவது சொன்னால் திரும்பி வந்துவிடுங்கள்.

2 செப்டம்பர் 2023

தொட்டி வந்து இறங்கியது. லிஃப்டில் நுழையவில்லை. ஆறு பேர் படியில் தூக்கினோம். கண்ணாடிகளை ஒட்டும் சிலிக்கான் பசை காய ஒரு வாரம் விட்டிருந்தார்கள், இன்னும் லேசாகப் புளிச்ச காடி வாசம் இருக்கிறது. அந்த வாசம் வரும் சிலிக்கான்தான் சரி. பாத்ரூமுக்குப் பூசும் பூஞ்சைத் தடுப்புச் சிலிக்கானை மீன்தொட்டிக்குப் பயன்படுத்தக் கூடாது, அதிலுள்ள மருந்து மீனைக் கொன்றுவிடும்.

கொத்தனாரின் ரசமட்டத்தைக் கடன் வாங்கி நான்கு பக்கமும் பார்த்தேன். இடது மூலை 3 மி.மீ. இறக்கம். தொட்டிக்கும் ஸ்டாண்டுக்கும் நடுவில் வைக்கும் தெர்மாகோல் சின்ன மேடு பள்ளத்தை வாங்கிக்கொள்ளும். சாய்வை அது சரிசெய்யாது. இறக்கி, குழாய்க்கு அடியில் தகடு கொடுத்து, திரும்பவும் ஏற்றினோம். மறுபடி ஆறு பேர். அத்தனை பேருக்கும் மாலையில் பஜ்ஜி.

பாதி தண்ணீரில் ஒரு நாள், முக்கால் தண்ணீரில் ஒரு நாள், நிறையத் தண்ணீரில் மூன்று நாள் வெறுமனே நிற்கட்டும். கசிவு இருந்தால் இப்போது தெரியட்டும்.

10 செப்டம்பர் 2023

"தண்ணீர் நிரப்பி ஒரு நாள் கழித்து மீன் விடலாமா?"

கூடாது. 2016இல் என் பழைய 3 அடித் தொட்டியில் அப்படித்தான் விட்டேன். பத்து நாளில் பதினொரு மீன் போனது. அந்த நாட்களை நினைத்தால் இன்றும் சங்கடமாக இருக்கிறது. தண்ணீர் கண்ணாடி மாதிரித் தெளிவாக இருந்தது. தெளிவுக்கும் சுத்தத்துக்கும் சம்பந்தமே இல்லை என்பது அப்போது தெரியாது.

மீனின் கழிவிலிருந்தும் செவுளிலிருந்தும் அமோனியா வரும். அது விஷம். அதைத் தின்று நைட்ரைட்டாக மாற்ற ஒரு வகை பாக்டீரியா வேண்டும். நைட்ரைட்டும் விஷம். அதை நைட்ரேட்டாக மாற்ற இன்னொரு வகை. நைட்ரேட்டின் தீங்கு குறைவு, வாரம் ஒருமுறை தண்ணீர் மாற்றினால் போதும். இந்த இரண்டு கூட்டமும் ஃபில்டரின் ஸ்பாஞ்சிலும் கல்லிலும் குடியேற நான்கிலிருந்து ஆறு வாரம் ஆகும். தயிருக்கு உறை ஊற்றுவது மாதிரி, ஏற்கெனவே ஓடும் நல்ல தொட்டியிலிருந்து அழுக்கு ஸ்பாஞ்ச் ஒன்றைக் கொண்டுவந்து போட்டால் நாள் குறையும். நண்பரிடமிருந்து ஒன்று ஈரத்தோடே வாங்கி வந்திருக்கிறேன்.

நம் ஊருக்கு ஒரு கூடுதல் எச்சரிக்கை. போர்த் தண்ணீரின் பிஹெச் 8ஐ ஒட்டி இருக்கும், தண்ணீர் 30 டிகிரி. பிஹெச்சும் சூடும் ஏற ஏற அமோனியாவின் விஷத்தன்மையும் ஏறும். குளிர் ஊர்க்காரர்கள் எழுதிய அளவை அப்படியே நம்ப முடியாது.

11 செப்டம்பர் 2023

மெட்ரோ வாட்டர் (குடிநீர் வாரியத் தண்ணீர்) என்றால் ஆன்டி குளோரின் சொட்டு மறக்க வேண்டாம். குளோரின் மீனின் செவுளையும் எரிக்கும், நாம் வளர்க்கும் பாக்டீரியாவையும் கொல்லும்.

1 அக்டோபர் 2023

எந்த மீன் என்று எல்லோரும் கேட்கிறீர்கள். எதை விடக் கூடாது என்பதிலிருந்து ஆரம்பிக்கிறேன்.

ரெட் டெயில் கேட்ஃபிஷ். கடையில் மூன்று அங்குலத்தில், மீசையும் சிவப்பு வாலுமாகக் குழந்தை மாதிரி பார்க்கும். அமேசான் ஆற்றில் ஒரு மீட்டருக்கு மேல் வளரும் மீன் அது. நம் தொட்டியின் அகலமே 60 செ.மீ. திரும்பக்கூட முடியாது. சில்வர் அரோவானா முக்கால் மீட்டரைத் தாண்டும். '4 அடித் தொட்டி பெரிய தொட்டி' என்பது நமக்குத்தான். அவற்றுக்கு அது ஒரு சிறை.

அடுத்து 'டேங்க் கிளீனர்' என்று விற்கும் சக்கர். பழைய தொட்டியில் இரண்டு வைத்திருந்தேன். பாசியைச் சுரண்டும், உண்மை. அதைவிட அதிகமாகக் கழிவும் போடும். ஒன்றரை அடி வரை வளரும். வளர்ந்ததும் என்ன செய்வது என்று தெரியாமல் ஏரியில் கொண்டுபோய் விடுகிறார்கள். இன்று சென்னையைச் சுற்றியுள்ள ஏரிகளில் வலை போடுபவர்களுக்கு அந்த முள் உடம்பு மீன் மாட்டி வலை கிழிகிறது. விற்கவும் முடியாது, தின்பாரும் இல்லை. வாங்கிய மீன் வேண்டாம் என்றால் கடையிலேயே திருப்பிக் கொடுங்கள். எந்த நீர்நிலையிலும் விடாதீர்கள்.

மிஸ் கேரளா மேல் எனக்கு நெடுநாள் ஆசை. மேற்குத் தொடர்ச்சி மலை ஓடைகளின் மீன், பக்கவாட்டில் சிவப்பும் கறுப்பும் கோடு. ஆனால் அது ஓடும் குளிர்ந்த தண்ணீரில் பிறந்தது. மடிப்பாக்கத்து மே மாதத்தில் அதை வைத்து வாட்டுவது நியாயமில்லை. விட்டுவிட்டேன்.

கடைசியில் நான் விட்டது 6 ஏஞ்சல், 8 முத்து கௌராமி. அப்புறம் 20 அயிரை.

ஆமாம், குழம்பு வைக்கும் அதே அயிரைதான். நான் மதுரைக்காரன். ஊரில் உயிரோடு, பாத்திரத்துத் தண்ணீரில் நெளிய நெளியத்தான் விற்பார்கள். அம்மா உப்புப் போட்டு உரசுவதற்குள் நான் நாலைந்தைத் திருடி ஹார்லிக்ஸ் பாட்டிலில் போட்டுக்கொள்வேன். இந்த முறை ஊருக்குப் போனபோது கேனில் கொண்டுவந்தேன். கொண்டு வந்ததும் தனித் தொட்டியில் மூன்று வாரம் வைத்து, நோய் இல்லை என்று பார்த்த பிறகே சேர்த்தேன். விரல் நீளம்தான். மணலுக்குள் தலையைக் கொடுத்துப் புகுந்துகொண்டு, கண் மட்டும் வெளியே தெரியப் படுத்திருக்கும். மணல் பொடியாக இருக்க வேண்டும், கூர்ஜல்லி போட்டால் மீசை தேய்ந்துவிடும். நம் சூட்டுக்குப் பழகிய மீன் என்பது இதன் பெரிய வசதி. ஏஞ்சலைப் பார்க்க வருபவர்கள் கடைசியில் அயிரை முன்னால்தான் உட்கார்ந்துவிடுகிறார்கள்.

23 அக்டோபர் 2023

இதை எழுதக் கை வரவில்லை. ஆனாலும் எழுதியாக வேண்டும்.

நேற்று நள்ளிரவு இரண்டு மணிக்குக் கரண்ட் போனது. காலை ஆறு மணிக்குக் காலிங் பெல். கீழ் வீட்டு டீச்சர் அம்மா, ஓய்வு பெற்றவர். "தம்பி, ஹால்ல சொட்டுதுப்பா. ஷோகேஸ் மேலயே விழுது. என்னன்னு பாரேன்" என்றார். கோபமாகக்கூடப் பேசவில்லை. அதுதான் கூடுதலாகச் சுட்டது.

தொட்டி உடையவில்லை. ஏர் பம்பை ஸ்டாண்டுக்கு உள்ளே, கீழ்த்தட்டில் வைத்திருந்தேன். கரண்ட் நின்றதும் காற்று போவது நிற்க, தண்ணீர் அதே குழாய் வழியே திரும்பி இறங்கிப் பம்பு வழியாக வெளியேறிவிட்டது. லாரியிலிருந்து டீசலை ட்யூபில் உறிஞ்சி எடுப்பார்களே, அதேதான். நான்கு விரல் அளவு தண்ணீர் குறைந்திருந்தது. அந்த நான்கு விரல் 50 லிட்டர். டைல்ஸ் இடுக்கு வழியாக இறங்கி அவர் வீட்டு ஃபேன் கொக்கி அருகில் சொட்டியிருக்கிறது. மெயினை அணைத்துவிட்டுத்தான் துடைத்தோம்.

இரண்டில் ஒன்று செய்திருந்தால் இது நடந்திருக்காது. பம்பைத் தண்ணீர் மட்டத்துக்கு மேலே வைத்திருக்கலாம். அல்லது குழாயில், தண்ணீரைத் திரும்பி வர விடாத ஒரு நான்-ரிட்டர்ன் வால்வ் போட்டிருக்கலாம். விரல் நகம் அளவுச் சாமான், தேநீர்க் காசு.

ஆகஸ்ட் முழுக்க எடை எடை என்று எழுதிக்கொண்டிருந்தேன். தளம் தாங்கியது. தண்ணீர்தான் இறங்கிவிட்டது. கேள்வி கேட்டவர் வீட்டில் பயந்தார்களே, கீழ் வீட்டுக்காரர் தலையில் விழும் என்று. விழுந்தது.

26 அக்டோபர் 2023

டீச்சர் வீட்டுக் கூரைக்குப் பெயின்டர் சொல்லியாயிற்று. காய்ந்த பிறகே அடிக்க வேண்டும் என்கிறார், செலவு என்னுடையது. ஷோகேஸில் இருந்த அவர் மாணவர்களின் குரூப் போட்டோ ஒன்று நனைந்து ஊறிவிட்டது. அதற்கு நான் என்ன கொடுத்தாலும் ஈடாகாது. ஸ்கேன் செய்து திருத்தித் தர ஒருவரிடம் கொடுத்திருக்கிறேன்.

செய்தவை: பம்ப் இப்போது சுவரில், தொட்டிக்கு மேலே. வால்வும் போட்டாயிற்று, இரண்டு இடத்தில். தொட்டிக்கான பிளக் பாயின்டுக்குத் தனியாக 30 மில்லிஆம்ப் ஆர்சிசிபி, மின்கசிவு இருந்தால் உடனே கரண்டைத் துண்டிக்கும் சுவிட்ச். எல்லா ஒயரும் பிளக்குக்கு வருமுன் ஒரு தொங்கல் விட்டு வருகிறது, ஒயர் வழியே வழியும் சொட்டு அந்தத் தொங்கலில் கீழே விழும், பிளக்குக்குள் போகாது. ஸ்டாண்டின் கீழ்த்தட்டில் விளிம்பு வைத்த தட்டு, அதில் நீர் பட்டால் கத்தும் சின்ன அலாரம்.

வாடகை வீட்டில் இருப்பவர்கள் ஓனரிடம் எழுத்தில் அனுமதி வாங்கிக்கொள்ளுங்கள். சொந்த வீடாக இருந்தாலும் கீழ் வீட்டில் போய் ஒரு வார்த்தை சொல்லுங்கள். தொட்டி வந்த அன்று பஜ்ஜி கொடுத்த ஆறு பேரில் டீச்சர் வீட்டில் யாருமில்லை. அவர்களுக்கு இப்படி ஒன்று தலைக்கு மேல் நிற்பதே தெரியாது.

8 டிசம்பர் 2023

மிக்ஜாம் புயல் முடிந்து இன்றைக்குத்தான் நெட் வந்தது. எல்லோரும் நலம்தானே?

4ஆம் தேதி விடிகாலையில் போன கரண்ட் 6ஆம் தேதி இரவு வந்தது. ஏறக்குறைய 65 மணி நேரம். தெருவில் இடுப்பளவு. தரைத்தள வீட்டில் தண்ணீர் புகுந்து, அந்தக் குடும்பம் மூன்று நாள் எங்கள் வீட்டில்தான். இன்வெர்ட்டர் முதல் நாளே தீர்ந்துவிட்டது, அத்தனை போனுக்கும் ஒரே சார்ஜ் பாயின்ட்.

தொட்டியில் 450 லிட்டர் தண்ணீர் அசையாமல் நிற்கிறது. சில மணி நேரத்தில் ஏஞ்சல்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூட ஆரம்பித்தன. கௌராமிகளுக்குக் கவலையில்லை, மேலே வந்து காற்றையே சுவாசிக்கும் உறுப்பு அவற்றுக்கு உண்டு. அயிரையும் அப்படித்தான், விருட்டென்று மேலே வந்து ஒரு வாய்க் காற்றை விழுங்கிவிட்டு மணலுக்குத் திரும்பிவிடும்.

பேட்டரி ஏர் பம்ப் வாங்க வேண்டும் என்று பட்டியலில் எழுதியிருந்தேன். வாங்கவில்லை. ஆக, செம்பு. தண்ணீரை மொண்டு ஒரு முழ உயரத்திலிருந்து ஊற்றுவது. ஊற்றும்போது கலங்கும் மேற்பரப்பில்தான் ஆக்சிஜன் கரைகிறது. தரைத்தள வீட்டுப் பையன், ஆறாம் வகுப்பு, "அண்ணா நான் ஊத்துறேன்" என்று பிடித்துக்கொண்டான். அரை மணிக்கு ஒருமுறை ஐம்பது செம்பு. அவன் வீட்டில் அவன் புத்தகங்கள் எல்லாம் தண்ணீரில். அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசாமல் எண்ணி எண்ணி ஊற்றினான். இரவில் நானும் அவன் அப்பாவும் மாறி மாறி.

தீனி நிறுத்திவிட்டேன். மூன்று நாள் சாப்பிடாவிட்டால் மீனுக்கு ஒன்றும் ஆகாது. போட்டால்தான் ஆபத்து.

கேனிஸ்டர் ஃபில்டரைப் பற்றி இதை மட்டும் மறக்காதீர்கள். மூடிய டப்பாவுக்குள் தண்ணீர் ஓடாமல் நின்றால் உள்ளே இருக்கும் பாக்டீரியா ஆக்சிஜன் இல்லாமல் சாக ஆரம்பிக்கும். கரண்ட் வந்ததும் அப்படியே சுவிட்சைப் போட்டால் அழுகிய முட்டை நாற்றமடிக்கும் அந்தத் தண்ணீர் முழுவதும் தொட்டிக்குள் கொட்டும். புயலில் தப்பிய மீன் அதில் போய்விடும். நான் முதல் நாள் மத்தியானமே டப்பாவைத் திறந்து, கல்லையும் ஸ்பாஞ்சையும் வலைப்பையில் கட்டித் தொட்டிக்குள்ளேயே தொங்கவிட்டேன்.

ஏஞ்சல் இரண்டு போய்விட்டது. மற்ற நான்கும் இருக்கின்றன.

10 டிசம்பர் 2023

முந்தாநாள் இன்னொன்று தெரியாமல் செய்யவிருந்தேன். வெள்ளம் சம்பில் (தரையடித் தண்ணீர்த் தொட்டியில்) புகுந்ததால் அசோசியேஷன் சம்பைக் கழுவிப் பிளீச்சிங் பவுடர் போட்டது, அது சரியான வேலை. தொட்டித் தண்ணீரை மாற்ற நான் பக்கெட்டைக் குழாயடியில் வைத்துவிட்டேன். வாசனை மூக்கில் ஏறியது. ஆன்டி குளோரின் சொட்டு சாதாரண அளவுக்குத்தான், அந்த அளவு பவுடருக்குப் போதாது. அக்டோபர் மழையில் மொட்டைமாடிக் குழாயிலிருந்து இரண்டு டிரம் பிடித்து வைத்திருந்தேன், அதை வைத்துச் சமாளித்தேன். முதல் மழையை விட்டுவிட்டு அடுத்த மழையில் பிடிக்க வேண்டும். போர்த் தண்ணீரின் டிடிஎஸ் (கரைந்த உப்பின் அளவு) 1,100 காட்டுகிற எங்கள் வீட்டில் மழைத் தண்ணீர் தங்கம். ஆனால் அதைத் தனியாக ஊற்றாதீர்கள், உப்பே இல்லாத தண்ணீரில் பிஹெச் தடுமாறும். பாதிக்குப் பாதி கலக்க வேண்டும்.

சம்ப் சுத்தம் செய்யும் தேதியைச் செக்யூரிட்டி அண்ணனிடம் முன்கூட்டியே சொல்லச் சொல்லியிருக்கிறேன்.

12 டிசம்பர் 2023

"ஏர் பம்ப் 5 வாட்தானே, இன்வெர்ட்டரில் அதை மட்டும் போட்டால் பத்து நாள் ஓடுமே?"

நானும் அப்படித்தான் கணக்குப் போட்டேன். 150 ஏஎச் பேட்டரியில் 1,800 வாட்-மணி, எழுபது சதவீதம் எடுத்தாலும் 250 மணி நேரம். ஆனால் இன்வெர்ட்டர் சும்மா ஆனில் இருப்பதற்கே 15, 20 வாட் தின்னும். அதைச் சேர்த்தால் இரண்டு நாள்தான். டார்ச் செல் போடும் பேட்டரி பம்ப் இரண்டு வாங்கிவிட்டேன். செலவு சில நூறு ரூபாய்.

17 டிசம்பர் 2023

பெரிய தொட்டி வைப்பது சரியா என்று ஒருவர் கேட்டிருக்கிறார். தளத்தைப் பற்றி இல்லை, தண்ணீரைப் பற்றி.

2019 ஜூனை நான் மறக்கவில்லை. சென்னைக்குக் குடிநீர் தரும் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஏரிகள் நான்கும் வறண்ட கோடை. எங்கள் போர் காற்றைத் துப்பியது. தனியார் லாரிக்கு முன்பதிவு செய்து நாட்கணக்கில் காத்திருந்தோம். வீட்டுக்கு ஆறு பக்கெட் என்று அசோசியேஷன் அளந்து கொடுத்தது. ஒரு நாள் காலை, நான் இரண்டு பக்கெட்டைத் தொட்டிக்கு ஒதுக்கி வைத்திருந்தேன். மேல் வீட்டில் கைக்குழந்தை. அந்த அம்மா என் பக்கெட்டைப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் படியேறிப் போனார். அந்த வாரமே மீன்களைத் திருவள்ளூர் பக்கம் கிணறு இருக்கும் நண்பர் வீட்டில் விட்டுவிட்டுத் தொட்டியைக் காலி செய்தேன். ஜூலை 12ஆம் தேதி ஜோலார்பேட்டையிலிருந்து 50 வேகனில் 25 லட்சம் லிட்டரோடு முதல் தண்ணீர் ரயில் வில்லிவாக்கத்துக்கு வந்தது. கொளத்தூருக்குப் பக்கத்து ஊர். ஆயிரக்கணக்கான மீன்தொட்டிகள் இருக்கும் இடத்துக்கு அருகில் குடிக்க ரயிலில் தண்ணீர். டிவியில் அதைப் பார்த்துக்கொண்டு காலித் தொட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.

நான்கு வருடம் திரும்ப வைக்கவில்லை.

இப்போது வைத்திருக்கும் கணக்கு இது. வாரம் 25 சதவீதம், அதாவது 110 லிட்டர், 20 லிட்டர் பக்கெட்டில் ஐந்தரை. அதில் ஒரு சொட்டும் சாக்கடைக்குப் போகாது. நைட்ரேட் நிறைந்த தண்ணீர், செடிக்கு அதைவிட நல்ல உரம் கிடையாது. மூன்று பக்கெட் மொட்டைமாடிப் பூந்தொட்டிகளுக்கு, டீச்சர் அம்மாவின் கறிவேப்பிலைக்கு ஒன்று, மிச்சம் ஃப்ளஷுக்கு. மீனைக் குறைவாக வைத்திருப்பதும் இதற்காகத்தான், கழிவு குறைந்தால் தண்ணீர் மாற்றுவதும் குறையும். மறுபடி 2019 மாதிரி வந்தால்? மீனுக்குத் திருவள்ளூர்க் கிணறு இருக்கிறது. இந்த முறை ஆறு பக்கெட்டுக்கு வரும்வரை காத்திருக்க மாட்டேன்.

5 மே 2024

தண்ணீர் 33 டிகிரி. சில்லர் (தண்ணீரைக் குளிர்விக்கும் இயந்திரம்) வாங்கலாமா என்று கேட்பவர்களுக்கு: முதலில் மூடியைத் திறந்து ஒரு சின்ன ஃபேனைத் தண்ணீரின் மேல் வீச வையுங்கள். ஒரு லிட்டர் ஆவியாகும்போது சுமார் 580 கிலோகலோரி சூட்டை எடுத்துக்கொண்டு போகும். 450 லிட்டரை அது ஒன்றேகால் டிகிரி இறக்கப் போதும். மண்பானையின் வெளிப்பக்கம் நடப்பதும் இதேதான். எனக்கு இரண்டு டிகிரி இறங்கி 31இல் நிற்கிறது. தினமும் நாலைந்து லிட்டர் குறைகிறது. ஆவியாவது தண்ணீர் மட்டும், உப்பு உள்ளேயே நிற்கும். அதனால் குறைந்ததை ஈடுகட்டப் போர்த் தண்ணீர் ஊற்றாதீர்கள், மழைத் தண்ணீரோ ஆர்ஓ தண்ணீரோ ஊற்றுங்கள். தண்ணீர் சூடாக ஆக அதில் கரையும் ஆக்சிஜன் குறையும், எனவே மே மாதம் முழுக்க ஏர் பம்ப் இரவிலும் ஓடட்டும்.

ஈபி பற்றி: ஃபில்டர் 25 வாட், ஏர் பம்ப் 5, எல்இடி 40 வாட் எட்டு மணி நேரம். நாளுக்கு ஒரு யூனிட்டுக்குச் சற்று மேல், இரண்டு மாதப் பில்லில் 60 யூனிட் சொச்சம். ஃபேனுக்கு இன்னும் கொஞ்சம்.

9 மே 2024

நாய்க்கும் பூனைக்கும் அசோசியேஷனில் சண்டை, மீன்தொட்டிக்கு யாரும் ஒன்றும் சொல்வதில்லை என்று ஒருவர் எழுதியிருந்தார். எங்கள் கூட்டத்தில் நானே எழுந்து சொன்னேன்: இத்தனை லிட்டர், இந்தச் சுவர், கசிந்தால் செலவு என்னுடையது. கூட்டத்தின் மினிட்ஸ் புத்தகத்தில் ஏறியிருக்கிறது.

14 ஜூலை 2024

ஒரு வாரம் மதுரைக்கு வந்திருக்கிறோம். சாவி டீச்சர் அம்மாவிடம். தீனியை ஏழு பொட்டலமாக மடித்துக் கிழமை எழுதி வைத்துவிட்டு, டப்பாவைப் பீரோவுக்குள் பூட்டிவிட்டேன். அன்புள்ளவர்கள் கையில் டப்பா இருந்தால் அதிகமாகப் போட்டுவிடுவார்கள், மிஞ்சிய தீனி அழுகி அமோனியா ஏறும். ஃபிரிட்ஜில் ஒரு தாள் ஒட்டியிருக்கிறேன்: எந்த சுவிட்ச், எந்த வால்வ், பேட்டரி பம்ப் எங்கே. தரைத்தளத்துப் பையன் அதைப் படித்துவிட்டு, கீழே 'செம்பு கிச்சன்ல' என்று ஒரு வரி சேர்த்திருக்கிறான்.

கேள்வி கேட்டவர் தனிச் செய்தி அனுப்பியிருந்தார். அவர் வீட்டு எஞ்சினியர் 4 அடி வேண்டாம் என்றாராம், அந்தச் சுவருக்கு அடியில் பீம் இல்லை. 3 × 1.5 × 1.5 என்று குறைத்திருக்கிறார். அது 190 லிட்டர். நல்ல அளவு, வாரத்துக்கு இரண்டு மூன்று பக்கெட்டில் முடிந்துவிடும்.

16 ஜூலை 2024

காலையில் டீச்சர் போன். "தம்பி, அயிரை பதினாலுதான் இருக்கு. ரெண்டு தடவ எண்ணிட்டேன். ஆறு காணோம்ப்பா" என்றார். குரலே உடைந்திருந்தது. லைட்டை அணைத்துவிட்டுப் பத்து நிமிடம் சும்மா உட்காரச் சொன்னேன். போனை வைக்காமல் உட்கார்ந்திருந்தார், பம்ப் சத்தம் இங்கே கேட்டது. அப்புறம் மெதுவாக எண்ண ஆரம்பித்தார். பதினைந்து, பதினாறு என்று ஒவ்வொன்றாக மணலிலிருந்து வந்துகொண்டிருந்தன.